அழைப்பிதழில் இல்லாத பெயர்

என் பெயர் உசேன். நெற்றியில் நாமம் தரிப்பவன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருப்பவன். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி, துடியலூருக்கு வடக்கே கத்தரியும் தக்காளியும் பயிரிட்டு எழுபத்து மூன்று வயதை எட்டியவன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயரை மட்டும் கேட்டவர் ஒருவிதமாக எண்ணிக்கொள்கிறார். ஆளை மட்டும் பார்த்தவரோ, பிறகு பெயரைக் கேட்டதும் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணிக்கொள்கிறார். ஆகவே இரண்டையும் சேர்த்தே வைத்துவிடுவது நல்லது.

இப்பெயர் எனக்கு வந்த வகை எளியது. எனக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் ஓராண்டு நிறைவதற்குள் தவறிவிட்டன. தாயார் என்னைச் சுமந்திருந்தபோது, தகப்பனார் மொகரம் பண்டிகையில் பஞ்சா எடுக்கும் இடத்துக்குப் போய் வேண்டிக்கொண்டார். பஞ்சா என்பது விரிந்த கையின் வடிவில் செய்த உலோகச் சின்னம். பட்டுத்துணி சுற்றி ஊர்வலமாக எடுத்து வருவார்கள். அதன் முன்னே உப்பும் மிளகும் வைத்து வணங்கிய குடியானவர்கள் அந்நாளில் பலர். பிள்ளை நிலைத்தால் அந்தப் பெயரையே வைப்பதாகத் தகப்பனார் சொல்லிவிட்டு வந்தார். பிள்ளை நிலைத்தது. சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். பெருமாளுக்கு இதில் மனத்தாங்கல் வராதா என்று எவரோ கேட்டதற்கு, "பெருமாளுக்குத்தான் ஆயிரம் பேரு இருக்குதே. அவருக்கு என்னத்துக்கு இன்னொண்ணு?" என்றாராம்.

எங்கள் ஊரில் இப்பெயரால் எவரும் இடறியதில்லை. எனக்கு மூத்தவர்கள் "உசேனு" என்றார்கள். இளையவர்கள் "உசேனண்ணா" என்றார்கள். இப்போது "உசேனய்யா" என்கிறார்கள். இடறல்கள் எல்லாம் ஊர் எல்லைக்கு அப்பால்தான். என் மகன் பள்ளியில் சேர்ந்த புதிதில், தன் பெயருக்கு முன்னால் "உ" என்று தலைப்பெழுத்தை இட்டிருக்கிறான். வெளியூரிலிருந்து வந்திருந்த ஆசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளையார் சுழி போட்டது போதும், அப்பா பேரோட எழுத்தைப் போடு" என்று அதட்டினாராம். அவன் "இது அதுதானுங்க" என்று சொல்லி, எதிர்த்துப் பேசியதற்காக ஒரு குட்டும் வாங்கி வந்தான். அன்று இரவு உணவின்போது அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அந்த மகன் இப்போது மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றை நடத்துகிறான். சென்ற தை மாதத்தில் அவன் மகளுக்கு, அதாவது என் ஒரே பேத்திக்கு, திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்பவர்கள், எங்களைப் போலவே தெலுங்கு பேசுகிறவர்கள், நல்ல மனிதர்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத சம்பந்தம். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் மாலையில் மகன் ஒரு தாளுடன் வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நைனா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்கற மாதிரி இருந்தாக் கோவிச்சுக்குவேன். சொல்லு."

"பத்திரிகையில இன்னாரின் பௌத்திரின்னு தாத்தா பேரு வர்ற எடத்துல, நம்ம குலசாமி பேரப் போட்டுக்கலாம்னு பாக்கறேனுங்க."

அவன் தாளை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான்.

"சம்பந்தி ஊட்டுக்காரங்க ஒண்ணும் கேக்கலீங்க. ஆனா அவங்க சொந்தபந்தம் அத்தன பேரும் படிப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் பஞ்சாக் கதையச் சொல்லீட்டு இருக்க முடியுங்களா? எவனாச்சும் போன்ல படம் புடிச்சு அனுப்பிப்போட்டான்னா, தெரியாதவனெல்லாம் பேசுவான். புள்ளைக்குப் போன எடத்துல ஒரு சொல்லு வரக்கூடாதுங்க நைனா."

அவன் சொன்னதில் பொய் இல்லை. காலம் அவ்வாறு இருக்கிறது. ஆயினும், பேத்தியின் திருமணத்தில் அவளுடைய தாத்தாவாக நான் பெயரோடு நிற்பேனா, பெயரில்லாமல் நிற்பேனா என்பது அந்த ஒரு தாளில் முடிவாகிக்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "நாப்பத்தெட்டு வருசமா நான் வாயில சொல்லாத பேருடா அது. நான் மரியாதைக்குச் சொல்லல. நீ என்னத்துக்குச் சொல்ல மாட்டீங்கற?"

"அம்மா, நீங்க சும்மா இருங்க."

"சும்மாதான் இருக்கறேன். சும்மா இருந்துதான் உன்ன வளத்தேன்."

அவர்கள் இருவருக்கும் வாக்குவாதம் மூள்வதை நான் விரும்பவில்லை. "போட்டுக்கோ கண்ணு. குலசாமி பேருதானே, நல்ல பேருதான்" என்றேன். அவன் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. அடுத்த வாரம் மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. அவற்றில் என் தகப்பனாரின் பெயர் இருந்தது. என் மகனின் பெயர் இருந்தது. நடுவே குலதெய்வம் இருந்தது.

மகனை முழுவதும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். வெளியூர்க் கோயில்களில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது, பெயர், நட்சத்திரம் என்று குருக்கள் கேட்பார். ஒருமுறை நான் உள்ளபடி சொல்ல, அவர் தட்டைப் பிடித்தவாறே நின்றுவிட்டார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து "சாமி பேருக்கே பண்ணீருங்க" என்று சொல்லிப் பழகிவிட்டேன். அதைப் பணிவு என்று பிறர் எண்ணினார்கள். நானும் அவ்வாறே எண்ணிக்கொண்டேன். மகன் செய்ததும் அதுவேதான். அவன் அதை அச்சில் செய்தான், அவ்வளவுதான்.

திருமணத்துக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், பேத்திக்குக் கொடுக்கும் கட்டிலுக்கு இலவம்பஞ்சு மெத்தை சொல்வதற்காகப் பழைய கோயம்புத்தூருக்குப் போனேன். உக்கடத்துப் பக்கம் ஒரு சந்தில் மூன்று தலைமுறையாக மெத்தை தைக்கும் கடை அது. கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். தாடியிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. அளவெல்லாம் குறித்துக்கொண்டு, பேனாவை எடுத்தார்.

"பேரு சொல்லுங்க பெரியவரே, ஒறையில சீட்டு வெச்சுத் தெக்கோணும்."

"உசேன்."

பேனா நின்றது. அவர் என் நெற்றியைப் பார்த்தார். "மெத்த யாருக்குங்க?"

"என் பேத்திக்கு."

"அப்ப உசேன் யாருங்க?"

"நான்தானுங்க."

"ஏனுங்க, காலங்காத்தால நான்தானா கெடச்சேன் வெளையாட்டுக்கு?"

நான் சட்டைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வாசித்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு பஞ்சு பறக்கச் சிரித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிர்க்கடையில் இரண்டு தேநீர் சொன்னார். பஞ்சா வேண்டுதலைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவர், "அது செரி, பேருக்கு அர்த்தம் தெரியுங்களா?" என்றார்.

"அர்த்தம் தெரியாதுங்க. சாமி பேருன்னு தகப்பனார் சொன்னாரு."

"சாமி பேரில்லீங்க. அல்லாவுக்கு இருக்கற பேருகளே வேற. அதுகள வெக்கறதுன்னா நாங்க முன்னால அப்துல்னு சேத்துத்தான் வெப்போம், அடிமைன்னு அர்த்தம். இது மனுசர் பேரு. எங்க நபிகளோட பேரப்புள்ள. மக வயித்துப் பேரன். தாத்தா தொழுகையில குனிஞ்சா முதுகுல ஏறி உக்காந்துக்குமாம் அந்தப் புள்ள. அது எறங்கற வரைக்கும் தாத்தா நிமுந்திருக்க மாட்டாராம்."

"அர்த்தம்?"

"ஹசன்னா அழகு, நல்லதுன்னு வெச்சுக்குங்க. அது அண்ணன் பேரு. அதையே சின்னதாக்கிக் கொஞ்சிச் சொன்னா ஹுசைன். தம்பி பேரு. சின்ன அழகன்னு சொல்லுங்களேன். எங்க தெருவுல ரெட்டப் புள்ள பொறந்தாப் பேரு தேடற வேலையே இல்ல, இந்த ரெண்டுதான்." என் முகத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க, எங்க மச்சான் ஒருத்தரும் உசேன்தான். ஆளு ஆறடி, மொகமெல்லாம் அம்மத் தழும்பு. பேருங்கறது பொறந்தன்னிக்குப் பாத்து வெக்கறதுதானுங்களே" என்றார்.

ஒரு வேண்டுதலைத் தீர்ப்பதற்காக என் தலையில் ஏற்றப்பட்ட கனத்த பெயர் என்றே அதை இத்தனை ஆண்டுகளும் எண்ணி வந்திருந்தேன். ஒரு தெய்வத்துக்கு உரியதை நான் தூக்கிச் சுமப்பதாகவே நினைப்பு. அதுவோ, தாய்மார்கள் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிச் சொல்லும் சொல்லாக இருந்தது. எங்கள் பக்கத்தில் சின்னக்கண்ணு என்று பெயர் வைக்கிறார்கள், எண்பது வயதில் கோலூன்றி நடப்பவரையும் சின்னக்கண்ணு என்றே கூப்பிடுகிறார்கள், எவரும் நகைப்பதில்லை. மூன்று பிள்ளைகளை இழந்த ஒரு மனிதர், நான்காவது பிள்ளையைப் பொருள் அறியாமலேயே "என் சின்ன அழகே" என்று வாழ்நாள் முழுதும் கூப்பிட்டிருக்கிறார். வயலில் மடை திருப்பும்போது வரப்பிலிருந்து அவர் என்னை அதட்டிக் கூப்பிட்ட கூப்பாடெல்லாம் அதுதான்.

கிளம்பும்போது, வந்த இடத்தில் அழைக்காமல் போவது முறையன்று என்று பையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்துக் கொடுத்தேன். அவர் இரு கைகளாலும் வாங்கி அங்கேயே படித்தார்.

"ஏனுங்க, இதுல உங்க பேரக் காணமே?"

"அச்சுல விட்டுப்போச்சுங்க" என்றேன்.

"அப்படிங்களா" என்றார். அழைப்பிதழை உறையில் இட்டு, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்தார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கோயிலில் நான் சொன்னது மழுப்பல், இது பொய்.

வீட்டுக்கு வந்து பெயரின் பொருளை மட்டும் மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். "அழகுங்களா? அதுவும் சின்னதுங்களா? உங்கப்பா வேண்டிக்கிட்டது பஞ்சாச் சாமிக்குச் செரியாக் கேக்கலயாட்டம் இருக்குது" என்றாள். இரண்டு நாட்கள் வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதில் எனக்கும் மகிழ்ச்சிதான்.

திருமணம் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது. மூட்டு வலியைக் காரணம் சொல்லி நான் மேடையில் ஏறாமல், மூன்றாவது வரிசையில் தூணை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வலி இருந்தது உண்மை. ஆனால் மேடையில் ஏற முடியாத அளவுக்கு அது இல்லை.

எங்கள் திருமணங்களில் கன்னிகாதானத்தின்போது பிரவரம் சொல்வது வழக்கம். பெண்ணின் கொள்ளுப்பாட்டனார், பாட்டனார், தகப்பனார் ஆகிய மூவரின் பெயரையும் புரோகிதர் வடமொழியில் வரிசையாக உரைத்து, இன்னாரின் கொள்ளுப்பேத்தி, இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள் என்று சபையறியச் சொல்லி ஒப்படைப்பார். அதை மும்முறை சொல்ல வேண்டும். அழைப்பிதழைப் பற்றி அத்தனை யோசித்த என் மகனுக்கும் இது நினைவில் இல்லை; எனக்கும் இல்லை. புரோகிதர் பெயர்களை அழைப்பிதழிலிருந்தே குறித்து வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் கையில் பேத்தியின் கை. அதற்கு அடியில் என் மகனின் கை. மருமகள் செம்பிலிருந்து நீரை வார்க்கத் தயாராக நின்றாள். ஒலிபெருக்கியில் முதல் முறை பிரவரம் எழுந்தது. என் தகப்பனாரின் பெயர் முழங்கிற்று. அடுத்து வந்தது வேறொருவர் பெயர். தெய்வத்தின் பெயர்தான், ஆனாலும் அந்த இடத்தில் அது வேறொருவர் பெயராகவே ஒலித்தது. என் தகப்பனாருக்கு நான் பிறக்கவே இல்லை என்பது போலவும், அவருடைய பேரன் எவருக்கோ மகன் என்பது போலவும் அந்த வாக்கியம் முடிந்தது. பேத்தி குனிந்த தலையை நிமிர்த்தி, கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் தூணின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் முறை தொடங்கியது. என் தகப்பனாரின் பெயர் முடிந்த இடத்தில், "சாமி, கொஞ்சம் நிறுத்துங்க" என்ற மகனின் குரல் கேட்டது.

புரோகிதர் நிறுத்தினார். "என்ன?"

"பேரு தப்புங்க."

"பத்திரிகையில இதுதானே இருக்கு?"

"பத்திரிகையே தப்புங்க. நான்தான் தப்பாப் போடச் சொன்னேன். எங்க நைனா பேரு உசேன்."

புரோகிதர் கழுத்தில் மாட்டியிருந்த ஒலிவாங்கி அதையும் மண்டபம் முழுக்கக் கொண்டு சேர்த்தது. பந்திக்குப் போவதற்காக எழுந்தவர்கள் நின்றார்கள். நாயனக்காரர், ஏதோ சைகை என்று எண்ணி, சீவாளியை உதட்டில் வைத்துவிட்டு மீண்டும் எடுத்தார். என் மகனுக்கு இந்த வேலை எதற்கு, எல்லாம் கூடிவரும் நேரத்தில் இப்படிச் செய்கிறானே என்றுதான் அக்கணம் நினைத்தேன். பெயர் போனால் போகட்டும், பிள்ளையின் முகூர்த்தம் கெடக் கூடாது என்று எழுந்து கையை அசைக்கவும் போனேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் முந்திக்கொண்டார். பாக்கு மண்டியில் கூவிப் பேசிப் பழகிய குரல் அவருக்கு, ஒலிபெருக்கி தேவையில்லை. "சொல்லுங்க சாமி, அதையே சொல்லுங்க. பொண்ணோட தாத்தா பேரு உசேன்னு எங்களுக்கு நிச்சயத்துக்கு முன்னாலயே தெரியும். துடியலூர்ல நாலு பேரக் கேக்காமயா பொண்ணெடுக்க வந்தோம்? பத்திரிகையில வேற பேரப் பாத்துப்போட்டு, பெரியவரு பேர மாத்திக்கிட்டாராட்டம் இருக்குதுன்னு நாங்க வாய மூடீட்டு இருந்தோம்."

எவரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவிற்று. மகன் தோளில் கண்களைத் துடைத்துக்கொண்டான். கை கீழே இருந்ததால் அவனுக்கு வேறு வழி இல்லை. புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இருக்கு. தப்பான பேரைச் சொல்லித் தாரை வார்த்தா, யாரோ ஒருத்தர் பேத்தியை யாருக்கோ குடுத்த மாதிரி ஆயிடும். முதல்லேர்ந்து மூணு தடவையும் சொல்றேன்" என்றார்.

சொன்னார். தகப்பனாரின் பெயர், அதன்பின் சற்றும் தடையில்லாமல், "உசேன் நாமதேயஸ்ய பௌத்ரீம்." வடமொழி வால் ஒட்டிக்கொண்டு அந்த அரபுப் பெயர் அம்மேடையில் எந்தச் சிரமமும் இன்றி நின்றது. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. மருமகள் செம்பைச் சாய்த்தாள். நீர் மூன்று கைகளின் மீதும் வழிந்து தாம்பாளத்தில் விழுந்தது.

சில நாட்கள் கழித்து, ஏன் அவ்வாறு செய்தாய் என்று மகனைக் கேட்டேன். நீண்ட விளக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். "காயிதத்துல போடறப்ப ஒண்ணும் தெரியலீங்க நைனா. புள்ள கையப் புடிச்சுக் குடுக்கறப்ப வாயத் தொறக்காம இருக்க முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான்.

அன்று மண்டபத்தில் நீர் வார்த்து முடிந்ததும், எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த அம்மாள் என் பக்கம் சாய்ந்தார். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம். காரமடையிலிருந்து வந்தவர் என்று முன்பே சொல்லியிருந்தார். நான் எந்தப் பக்கத்து மனிதன் என்பது அவருக்குத் தெரியாது.

"ஏனுங்க, உசேன் உசேன்னு சொன்னாங்களே, அந்தப் பெரியவரு எங்கீங்க, வந்திருக்கறாருங்களா?"

"நான்தானுங்க அது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம் கைப்பையை எடுத்து மடியில் வைத்து, கால்களை ஒடுக்கி எனக்கு வழிவிட்டார். "பேத்தியத் தாரை வாத்துக் குடுக்கறாங்க, நீங்க இங்க தூணுக்குப் பொறத்தால உக்காந்துக்கிட்டு என்ன பண்றீங்க? எந்திரிச்சு மேல போங்க, தாலி கட்டறதுக்குள்ள."

நான் எழுந்தேன். மேடைக்கு ஐந்து படிகள் இருந்தன. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏறினேன்.